இராமேசுவரம்: யாத்திரிகர் தங்குமிடங்கள்

இராமநாதபுரம் மாவட்டம் பாம்பன் தீவில், இராமநாதசுவாமி கோயிலையும் அக்னி தீர்த்தக் கடற்கரையையும் சுற்றி அமைந்த சத்திரங்கள், மடங்கள், சமூக விடுதிகள், தேவஸ்தான அறைகள், தனியார் லாட்ஜுகள், ஓட்டல்கள் ஆகியவை யாத்திரிகர் தங்குமிடங்கள். ஆடி, புரட்டாசி, தை மாத அமாவாசைகளிலும் மகா சிவராத்திரியிலும் இவை நிரம்பி வழியும். தை அமாவாசை சனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் வரும். 2023இல் சனவரி 21, 2025இல் சனவரி 29 என வந்தது. 2026இல் சனவரி 18, ஞாயிற்றுக்கிழமை. பொங்கல் விடுமுறையை ஒட்டி அமாவாசை வரும் இத்தகைய ஆண்டுகளில், சபரிமலை சென்று திரும்பும் ஐயப்ப பக்தர்களின் கூட்டமும் சேர்ந்துகொள்வதால், அறை கிடைப்பதே பெரும்பாடு.

மற்றக் கடற்கரை ஊர்களில் அறையின் விலையை முடிவு செய்வது சன்னல் வழியே தெரியும் கடல். இராமேசுவரத்தில் அதற்கு இரண்டாம் இடம்தான். இங்கு முதலில் கேட்க வேண்டியது, நனைந்த துணியோடு எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதே. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள், விடுதி வாசலிலேயே சறுக்குப் பலகையை மாட்டிக்கொண்டு இறங்கும் வசதிக்காகச் சரிவை ஒட்டிய அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். கோயிலுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள கிழக்கு ரத வீதி அறைக்கு இருக்கும் கிராக்கியின் காரணமும் ஏறக்குறைய அதுதான்.

நீராடலின் வரிசை

தங்குமிடத்தைத் தேர்வதற்கு முன் ஒரு நாள் எப்படிக் கழியும் என்பதை அறிந்திருக்க வேண்டும். கோயில் கிழக்குக் கோபுரத்திலிருந்து சுமார் 100 மீட்டரில் அக்னி தீர்த்தம். பெயர்தான் தீர்த்தம், அது கடலேதான். விடியுமுன் அங்கே முழுக்கு. தர்ப்பணம் கொடுப்பவர்கள் கரையில் புரோகிதர் முன் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டத்தைக் கடலில் கரைத்து, மறுபடி முழுகுவார்கள். அதே ஈரத்தோடு கோயிலுக்குள் சென்று 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும் இந்த வரிசையில் பெரும்பாலானவை கிணறுகள். யாத்திரைப் பணியாளர் ஒருவர் கிணற்றின் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்று, கயிறு கட்டிய சிறு வாளியை இறக்கி, இழுத்த வேகத்திலேயே தலையில் கொட்டுவார். கூட்டம் மிகுந்த நாளில் ஒருவருக்குக் கிடைப்பது அரை வாளி. சில கிணறுகளில் தெளிப்பு மட்டுமே. பிராகாரத்தின் கல்தரை முழுக்கத் தண்ணீர் ஓடும். முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கு ஆபத்து கடலில் இல்லை, இந்தத் தரையில்தான்.

ஈர உடையோடு சன்னதிக்குள் செல்லக் கூடாது. ஆகவே 22ஆம் தீர்த்தத்துக்கும் தரிசனத்துக்கும் நடுவே உடை மாற்ற ஓர் இடம் வேண்டும். கோயிலிலும் கரையிலும் உடை மாற்றும் அறைகள் உள்ளன; அமாவாசையன்று அங்கே நிற்கும் வரிசை வேறு. அறை பக்கத்திலிருந்தால் போய் நல்ல தண்ணீரில் ஒரு குளியல் போட்டு, உலர்ந்த வேட்டி சேலையோடு திரும்பலாம். கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை என்பதால், பணப்பையும் கைப்பேசியும் வைத்துப் பூட்டுவதற்கும் அறைதான் பயன்படும்.

பாம்பன் பகுதியில் சனவரி விடியலிலும் வெப்பநிலை 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். எண்ணைப் பார்த்தால் குளிர் என்று சொல்ல முடியாது. ஆனால் வாடைக்காற்று வீசும் மாதம் அது. நனைந்த நூல் சேலையோடு பத்து நிமிடம் நடந்தால் பல் கிட்டும்.

சேது வழிச் சத்திரங்கள்

இந்த ஊரில் தங்குமிடம் நெடுங்காலம் வணிகமாக இருக்கவில்லை. அது அறக்கட்டளையின் பொறுப்பு. இராமர் அணையான சேதுவின் காவலர்களாகத் தங்களைக் கருதிய இராமநாதபுரம் சேதுபதி மன்னர்கள், யாத்திரை வழியெங்கும் சத்திரங்கள் கட்டி, அவற்றை நடத்த ஊர்களை மானியமாக விட்டார்கள். பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவில் உள்ள அக்காள்மடம், தங்கச்சிமடம் என்ற ஊர்கள் சேதுபதியின் இரு பெண்மக்கள் நினைவாக எழுந்த மடங்களைச் சுற்றி வளர்ந்தவை என்பது தீவில் வழங்கும் வரலாறு.

தஞ்சை மராத்திய மன்னர்களும் வடக்கேயிருந்து வரும் சேது வழியில் சத்திரங்களை நிறுவினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தம்பாள் சத்திரம் அவற்றில் பெயர்பெற்றது. கிழக்குக் கடற்கரையில் மணமேல்குடி, மீமிசல் வரை இந்தச் சங்கிலி நீண்டது. 1801இல் சரபோஜி ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களில் வழிப்போக்கருக்குச் சாதி பாராமல் உணவு தரப்படுவதையும், நோயாளிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் பேணப்படுவதையும் விவரித்து, கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் அவற்றுக்குக் குறை வரக் கூடாது என்று வற்புறுத்தினார். ஆட்சியே கைவிட்டுப் போன நேரத்தில் ஒரு மன்னர் மன்றாடிக் காக்க நினைத்தது சத்திரங்களை என்பது கவனிக்கத்தக்கது.

பாலம் வருமுன் யாத்திரிகர்கள் மண்டபம் கரையில் தோணித்துறையில் காத்திருந்து, படகில் பாம்பன் சேர்ந்து, அங்கிருந்து நடந்தோ வண்டியிலோ கோயிலுக்கு வந்தார்கள். காற்று ஒத்துழைக்காத நாட்களில் காத்திருப்பு நீளும். இரு கரையிலும் சத்திரம் தேவைப்பட்டது. அந்தப் படகுக் காலத்தில்தான், 1897 சனவரி 26 அன்று, இலங்கையிலிருந்து பாம்பன் வந்திறங்கிய விவேகானந்தரைப் பாஸ்கர சேதுபதி வரவேற்று உபசரித்தார்; மறுநாள் சுவாமி இராமேசுவரம் கோயிலில் உரையாற்றினார்.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் நிலைமை மாறியது. போட் மெயில் பயணிகள் தனுஷ்கோடி வரை ரயிலில் போய் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறினார்கள். தனுஷ்கோடியும் தங்கிச் செல்லும் ஊரானது. 1964 திசம்பர் 22 நள்ளிரவுப் புயல் அந்த ஊரை அழித்தபின், தீவில் இரவு தங்குவதென்றால் இராமேசுவரம்தான் என்றாயிற்று. 1988இல் சாலைப் பாலம் திறக்கப்பட்டுப் பேருந்துகளும் வேன்களும் நேரே வரத் தொடங்கியதே லாட்ஜுகள் பெருகக் காரணம். பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்ட 2022 திசம்பர் முதல், புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் திறந்த 2025 ஏப்ரல் 6 வரை, ரயில்கள் இராமநாதபுரத்தோடும் மண்டபத்தோடும் நின்றன.

ஊரின் திசைகள்

கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள். கிழக்கு ரத வீதியும், அங்கிருந்து கடலுக்குப் போகும் சன்னதித் தெருவும் நீராடலுக்கு மிக அருகில் உள்ளவை. பழைய கட்டடங்கள், சிறிய அறைகள், விடிய விடியச் சத்தம். அமாவாசையன்று நள்ளிரவு தாண்டியதுமே கரையில் ஆள் சேரத் தொடங்கும். கோயில் நடையும் வழக்கமான ஐந்து மணிக்கு வெகு முன்பே திறக்கும். சுவாமி தீர்த்தவாரிக்குக் கரைக்கு எழுந்தருளும்போது தெருவில் கால் வைக்க இடமிருக்காது. தூக்கத்தை எதிர்பார்த்து இங்கு அறை எடுக்கக் கூடாது.

வடக்கு, தெற்கு ரத வீதிகள் சற்று அமைதியானவை. கடலுக்கு ஐந்து முதல் பத்து நிமிட நடை. பெற்றோரை அழைத்து வரும் குடும்பங்களுக்கு இவையே ஏற்றவை. மேற்கு வாசல் பக்கமும் நடுத்தெருவும் கடைகண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் வசதி. ஆனால் கடலுக்குப் போகக் கோயிலின் முழு நீளத்தையும் சுற்ற வேண்டும். இந்தியாவின் மிக நீண்ட கோயில் பிராகாரங்களைக் கொண்ட கோயில் இது என்பது ஈரத்துணியோடு சுற்றும்போதுதான் காலுக்குத் தெரியும்.

ரயில் நிலையம் கோயிலிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர், பேருந்து நிலையம் இரண்டு. இப்பகுதிகளிலும் தேசிய நெடுஞ்சாலையிலும் எழுந்துள்ள புதிய ஓட்டல்களில் லிஃப்ட், வாகன நிறுத்தம், பெரிய குளியலறை எல்லாம் உண்டு. சாதாரண நாளில் ஆட்டோவில் போய்விடலாம். தை அமாவாசையன்று கோயிலைச் சுற்றி வண்டி விடமாட்டார்கள். ஆட்டோ நிறுத்தும் இடத்திலிருந்து நடைதான். ஆகவே வழக்கமான நாளில் வெளிவட்ட ஓட்டலும் அமாவாசையில் ரத வீதி அறையும் என்று பிரித்துக்கொள்வது நல்லது. காசு மிச்சமாகிறது என்று அமாவாசைக்கு வெளியே அறை எடுப்பவர்கள், அந்த மிச்சத்தை முழங்காலால் கட்டுகிறார்கள்.

வகைகள்

சமூகச் சத்திரங்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் குறிப்பிடத்தக்கது. கோயில் திருப்பணியில் பெரும்பங்கு கொண்ட சமூகம் அது. காஞ்சி சங்கர மடம், கோஸ்வாமி மடம், வங்காள யாத்திரிகர் நாடும் பாரத் சேவாசிரம சங்கம், குஜராத் பவன், பாங்கூர் தர்மசாலை ஆகியவை பிற மாநிலத்தவருக்குப் பழக்கமானவை. காசியையும் சேதுவையும் இணைக்கும் யாத்திரையில் சேது மணலைப் பிரயாகைக்குக் கொண்டுபோய், கங்கை நீரோடு திரும்பி இராமநாதருக்கு அபிஷேகம் செய்வது வழக்கம்; வடநாட்டவருக்கு இங்கே இத்தனை விடுதிகள் இருப்பதற்கு அதுவே காரணம். இந்தச் சமூக விடுதிகளில் சொந்தச் சமூகத்தாருக்கே முன்னுரிமை இருக்கக்கூடும். நேரில் வந்து கேட்பதைவிட முன்னரே எழுதிக் கேட்பது பயன் தரும்.

தேவஸ்தானத்துக்கும் விடுதிகளும் யாத்ரி நிவாஸும் உள்ளன. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு கடலோரத்திலேயே இருக்கிறது. பேருந்தில் ஐம்பது பேராக வருபவர்கள் மண்டபம் ஒன்றைப் பிடித்து, பாய் விரித்துப் படுத்து, கூட வந்த சமையல்காரரின் கையால் சாப்பிட்டுப் புறப்படுகிறார்கள். பழைய சத்திரத்தின் நேர் வாரிசு உண்மையில் இதுதான்.

அறை பார்க்கும்போது

முதலில் தண்ணீர். தீவின் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. கடலிலும் 22 தீர்த்தங்களிலும் நனைந்து வந்தவருக்கு அறையில் மீண்டும் உப்புநீரே கிடைத்தால் பயனில்லை. குழாயைத் திறந்து சோப்புப் போட்டுப் பார்த்தால் போதும்; நுரை வராவிட்டால் அடுத்த விடுதிக்குப் போகலாம். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் கேட்க வேண்டும். ஆறு மணிக்கு மேல்தான் என்றால் விடியுமுன் முழுகித் திரும்புபவருக்கு உதவாது.

அடுத்தது துணி காயும் இடம். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு காலையில் எட்டுப் பத்து ஈரத்துணி சேரும். மாடியோ கொடியோ இல்லாத குளிர்சாதன அறையில் அவை நாற்காலி முதுகிலும் கட்டில் விளிம்பிலும் தொங்கி, அறை முழுவதும் கடல் வாடை அடிக்கும். உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவரும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்தத் துணி கரையில் மலையாகக் குவிந்து துப்புரவுத் தொழிலாளர் தலையில் விழுகிறது. அப்படி விடுவது கட்டாயமாகச் செய்ய வேண்டிய சடங்கும் அல்ல.

பழைய லாட்ஜுகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. முதியவர் உடன் வந்தால் கீழ்த்தள அறையை உறுதி செய்துகொள்வது கடல் பார்த்த மூன்றாம் மாடியைவிட மேல். நாள் கணக்கையும் தெளிவாகப் பேச வேண்டும். சென்னையிலிருந்து இரவு ரயிலில் வருபவர் விடியலில் இறங்குவார். அறைக்கணக்கு நண்பகலில் தொடங்கும் விடுதியானால் சில மணி நேரத்துக்கு இரண்டு நாள் வாடகை ஆகும். 24 மணி நேரக் கணக்குள்ள விடுதியே இங்கு யாத்திரிகருக்குப் பொருந்தும். கோயில் நடை பகல் ஒரு மணிக்குச் சாத்தி மூன்று மணிக்குத் திறக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளலாம்.

தீவுக்கு வெளியே

தீவில் இடம் கிடைக்காதவர்கள் மண்டபத்திலோ, சுமார் 55 கிலோமீட்டர் தள்ளி இராமநாதபுரத்திலோ தங்குகிறார்கள். அமாவாசை அதிகாலையில் பாம்பன் சாலைப் பாலத்தில் வாகனங்கள் நின்றுவிட்டால் விடியல் முழுக்கு பாலத்தின்மேலேயே போய்விடும். முதல் நாள் இரவே தீவுக்குள் வந்துவிடுவது மேல். இராமநாதபுரத்தில் தங்குபவர்கள் அன்றைய நீராடலைத் திருப்புல்லாணியை அடுத்த சேதுக்கரையிலோ தேவிபட்டினம் நவபாஷாணத்திலோ வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே தை அமாவாசைக்குரிய தலங்கள். கூட்டம் இராமேசுவரத்தைவிடக் குறைவு. மறுநாள் அமாவாசைக் கூட்டம் கலைந்தபின் கோயிலுக்குப் போனால் அதே 22 தீர்த்தங்களில் நிறைவாளியாகவே தலையில் விழும்.

தனுஷ்கோடியில் தங்குமிடம் கிடையாது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டாலும், மாலைக்குப் பின் அங்கே இருக்க அனுமதி இல்லை. காற்றுப் பட்டத்தில் கடற்சறுக்கு விளையாட வருபவர்களுக்கென்று தீவின் கரையோரங்களில் சில குடில்கள் அண்மைக் காலத்தில் வந்துள்ளன. கோயிலுக்கு வருபவர்களைப் பல் கிட்ட வைக்கும் வாடைக்காற்று, இவர்களுக்குச் சனவரியில் இங்கு வருவதற்கே காரணம். கடலை ஒட்டிய குடிலை இவர்களும் முதலில் கேட்கிறார்கள்.