ஒரே ஒரு குதிரை... வருஷத்துக்கு 8 டன் கழிவு! சின்ன இடத்தில் லத்தியை என்ன செய்வது?

ஊட்டி, கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரைகள், கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் குதிரைகள், ஆசைக்காக வளர்க்கப்படும் மார்வாரிகள் என இவற்றில் பல நிற்பது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சில சென்ட் இடத்தில்தான். குதிரை வாங்கும்போது தீவனச் செலவு, லாடச் செலவு, ஆள் கூலி எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுவார்கள். லத்திக்கு மட்டும் யாரும் கணக்குப் போடுவதில்லை.

சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 15 கிலோ லத்தி போடும். சிறுநீர் 8 லிட்டருக்குக் குறையாது. இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு 8 டன்னைத் தாண்டும். லாயத்தில் விரிக்கும் வைக்கோலும் மரத்தூளும் தனி. நாட்டு மட்டக் குதிரை என்றால் அளவு குறையும், ஆனால் பிரச்னை அதேதான்.

மாட்டுச் சாணம் மாதிரிதானே?

"மூலையில குவிச்சு வெச்சா தானா மக்கிடும்" என்பதுதான் பலரின் எண்ணம். மாடு அசை போடும், குதிரை அசை போடாது. அதனால் குதிரை தின்ற புல்லின் நார் பாதி அப்படியே வெளியே வரும். களை விதைகளும் கூடவே வந்துவிடும். பச்சை லத்தியைத் தோட்டத்தில் கொட்டினால் செடியோடு சேர்ந்து களையும் செழிக்கும். சாண எரிவாயு தொட்டியில் போட்டாலும் இந்த நார் மேலே மிதந்து ஏடு கட்டிவிடும்.

இன்னொரு பக்கம், குதிரை லத்தி சீக்கிரம் சூடாகும். முறையாகக் குவித்தால் சில நாளில் உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை போகும். களை விதை, ஈப் புழு, குடற்புழு முட்டை எல்லாவற்றையும் அழிப்பது இந்தச் சூடுதான். ஆனால் மூலையில் ஈரமாகக் கிடக்கும் குவியலுக்கு இந்தச் சூடு வராது. சின்ன இடத்தில் வரும் தொல்லைகளுக்கெல்லாம் காரணம் இதுதான்.

ஈ: ஒரு வாரக் கணக்கு

நம்ம ஊர் வெயிலில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர 7 முதல் 10 நாள் போதும். முட்டையிட அதற்கு வேண்டியது ஈரமான பச்சை லத்தி. குதிரையைக் கடித்து ரத்தம் குடிக்கும் ஈ வகைக்கு, சிறுநீரில் ஊறிய வைக்கோல் இன்னும் வசதி. அக்கம்பக்கத்து வீட்டிலிருந்து முதல் புகார் கிளம்புவது பெரும்பாலும் இந்த ஈயால்தான், நாற்றம் அடுத்தபடிதான்.

லாயத்தில் தினமும் அள்ள வேண்டும். குதிரை மேயும் இடத்தில் வாரத்துக்கு 2 முறையாவது அள்ள வேண்டும். லத்தியில் இருக்கும் குடற்புழு முட்டைகள் வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்குள்ளேயே குஞ்சு பொரித்துவிடும். குஞ்சுகள் பனி ஈரத்தில் புல்லின் மேல் ஏறி, மறுபடி குதிரையின் வயிற்றுக்கே போகும். மேய்ச்சல் இடத்தில் பச்சை லத்தியை உரமாகப் பரப்பினால் அது புழுவை விதைப்பது போலத்தான்.

பக்கத்தில் கிணறு இருந்தால்?

இதுதான் பலர் கவனிக்காத ஆபத்து. வடகிழக்குப் பருவமழை குவியலில் இறங்கினால், அடியில் தேநீர் நிறத்தில் கசிவு நீர் ஓடும். அதிலிருக்கும் நைட்ரேட் மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குப் போகலாம். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதிகமானால் முதலில் பாதிக்கப்படுவது 6 மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகள். புட்டிப்பால் கலக்கும் தண்ணீர் வழியாகப் போய், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து, உடல் நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்.

அதனால் குவியல் கிணறு, போர்வெல், ஓடையிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி இருக்க வேண்டும். அடியில் சிமென்ட் தளம் அல்லது இறுகிய களிமண், மேலே தார்பாய். அவ்வளவு தூரம் இல்லாத இடத்தில் சேர்த்து வைக்காமல், வாரா வாரம் வெளியே அனுப்பிவிடுவதே சரி. கழிவைத் தெரிந்தே ஓடையிலோ கிணற்றிலோ கலக்க விடுவது 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டப்படி தடை செய்யப்பட்டதும்கூட.

மூன்று தொட்டி முறை

ஹாலோ பிளாக்கோ பழைய பலகையோ வைத்து 4 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரத்தில் பக்கத்துப் பக்கத்தில் 3 தொட்டி. படுக்கையை அளவாகப் போட்டால் ஒரு குதிரையின் லத்திக்கு ஒரு தொட்டி சுமார் ஒரு மாதம் தாங்கும். ஒன்று நிறைந்துகொண்டிருக்கும், ஒன்று வெந்துகொண்டிருக்கும், ஒன்று ஆறிக்கொண்டிருக்கும். குவியல் 3 அடிக்குக் கீழே இருந்தால் சூடு தங்காது.

ஒரு பிடி எடுத்துக் கையில் பிழிந்தால், பிழிந்த துணி மாதிரி ஈரம் தெரிய வேண்டும். தண்ணீர் சொட்டினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு. சூடு பார்க்கத் தெர்மாமீட்டர் வேண்டாம். கடப்பாரையைக் குவியலின் நடுவில் செருகி 10 நிமிடம் கழித்து எடுத்தால், பிடிக்க முடியாத அளவுக்குச் சுட வேண்டும். சூடு இறங்கியதும் கிளறி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ள வேண்டும். ஓரத்தில் பிழைத்த புழுவும் விதையும் அப்போதுதான் சாகும். இப்படிச் சில முறை கிளறினால் 2 முதல் 3 மாதத்தில் மண் வாசனையோடு எரு தயார். அளவும் பாதியாகிவிடும்.

மரத்தூள் அதிகம் போடுபவர்களுக்கு மக்குவது தாமதமாகும். மாட்டுச் சாணமோ பச்சைத் தழையோ கலந்தால் சரியாகிவிடும். காய்ந்த பெரிய குவியல் தானாகவே தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

யாருக்குக் கொடுக்கலாம்?

மக்கிய எருவுக்கு நர்சரி, ரோஜாத் தோட்டம், மாடித் தோட்டம் என எல்லா இடத்திலும் ஆள் உண்டு. பட்டன் காளானுக்கு உலகம் முழுக்கப் பாரம்பரியமாகப் பயன்பட்டதே குதிரை எருதான். மண்புழு உரத்துக்கும் ஏற்றது, ஆனால் முதல் 2, 3 வாரச் சூடு தணிந்த பிறகே புழுவை விட வேண்டும். குடற்புழு மருந்து கொடுத்த வாரத்து லத்தியை மண்புழுத் தொட்டிக்குப் போகாமல் தனியாக மக்க வைப்பது நல்லது. ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் லத்தியில் வெளியேறி, சாண வண்டுகளின் புழுக்களைப் பாதிக்கும்.

எவ்வளவு மக்கினாலும் ஒன்று மட்டும் சாகாது: டெட்டனஸ் கிருமியின் வித்துகள். குதிரையின் குடலில் இவை இயல்பாகவே இருக்கும். லத்தி அள்ளுபவரும், எருவைக் கையாளும் தோட்டக்காரரும் தடுப்பூசியைக் காலம் தவறாமல் போட்டிருக்க வேண்டும். குதிரைக்கும் டெட்டனஸ் தடுப்பூசி உண்டு. கிளாண்டர்ஸ் நோய்ச் சந்தேகம் இருந்தால் லத்தி, வைக்கோல் எதையும் வெளியே கொடுக்கக் கூடாது. மனிதருக்கும் பரவும் இந்த நோயை அரசுக் கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிப்பது கட்டாயம். கழிவை எரிப்பதா, புதைப்பதா என்பதை அவர்களே முடிவு செய்வார்கள்.