பூவாடைக்கு எடுத்த புடவை

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்துத் தறிக்கு வரும் முன்பே ஒரு பட்டுப்புடவை பாதி இந்தியாவைப் பார்த்துவிடுகிறது. பட்டு கர்நாடகத்தில் விளைந்தது, ஜரிகை பெரும்பாலும் சூரத்தில் இழுத்தது. உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவை என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். மறுகரை நாடாவை எறிய எதிரே இன்னொருவர் உட்கார வேண்டும். முந்தி வேறு நிறமா? உடல் பாவு முடிகிற இடத்தில் முந்திப் பாவை இழை இழையாகச் சேர்ப்பார்கள். பெட்னி என்று பெயர். கண்ணும் விரலும் நோகிற வேலை அது. இந்தக் கைநேர்த்திதான் 2005-06இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீட்டை வாங்கித் தந்தது.

கடையில் அந்தப் புடவை விலை போட்ட சரக்கு. வீட்டுக்கு வந்ததும் ஓரத்தில் மஞ்சள் தடவி, சாமி விளக்கின் முன் வைக்கிறோம். கல்யாண வீடு என்றால் அதற்கும் முன்னால் ஒருத்தி காத்திருப்பாள்: பூவாடைக்காரி. சுமங்கலியாகவோ கன்னியாகவோ இறந்துபோன அந்தக் குடும்பத்துப் பெண். வடதமிழ்நாட்டு வீடுகளில் அவளைக் கும்பிடாமல் நல்ல காரியம் தொடங்காது. நீர்நிலையிலிருந்து கலசத்தில் தண்ணீர் மொண்டு, பூச்சுற்றி அவளை வீட்டுக்கு அழைத்து வருவார்கள். புதுப்புடவை வைத்துப் படையல் போடுவார்கள். வசதிக்கேற்ப அது பட்டாகவும் இருக்கும், நூல் சேலையாகவும் இருக்கும். பிறகு அந்தப் புடவை பெட்டிக்குள் போகும், அல்லது வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வாள். முறை வீட்டுக்கு வீடு மாறும். எனக்கு மணமேடையைவிட இந்தப் படையல்தான் புடவைக்குப் பெரிய இடம். உடம்பே இல்லாத ஒருத்திக்கு அளந்து எடுத்த ஆறு கெஜம்!

அயர்லாந்திலும் இப்படியொரு துணி உண்டு. ஜனவரி 31 இரவு ஒரு துணியை வெளியே போட்டு வைப்பார்கள். புனித பிரிஜித் அந்த வழியாகப் போகும்போது அதைத் தொடுவாள் என்பது நம்பிக்கை. விடிந்ததும் எடுத்துப் பத்திரப்படுத்தி, தலைவலிக்குக் கட்டுவார்கள், பிரசவ வேளையில் பக்கத்தில் வைப்பார்கள். 1937 முதல் 1939 வரை அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு இத்தகைய வழக்கங்களை நோட்டுகளில் எழுதினார்கள். அவை இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

நம் வீட்டுப் பிள்ளைகளிடமும் ஒரு நோட்டைக் கொடுக்கலாம். பூவாடைக்காரியின் பெயர் என்ன, யாருக்கு அவள் என்ன உறவு, எப்படிப் போனாள், படையலில் எதை மறக்கக் கூடாது, புடவை இப்போது யார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்று பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். அடுத்த கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிக்குப் புறப்படும் முன்பே கேட்டுவிட வேண்டும்.