ஆனால், இல்லை, முடி

1950-களின் இறுதி. எம்ஐடி-யில் ஜான் மெக்கார்த்தி, லிஸ்ப் என்ற கணினி மொழியை வகுத்துக்கொண்டிருந்தார். அம்மொழியின் எந்தக் கோவையையும் மதிப்பிடும் 'ஈவல்' சூத்திரத்தைக் கோட்பாட்டு விளக்கத்துக்காகத் தாளில் எழுதினார். அது இயந்திரத்தில் ஓடும் என்று அவரே நினைக்கவில்லை. குழுவில் இருந்த ஸ்டீவ் ரஸல் அதை ஐபிஎம் 704-க்கான கட்டளைகளாகக் கையாலேயே மாற்றி ஏற்றிவிட்டார். ஓடியது! எழுதியதைப் படித்த கையோடு செய்துகாட்டும் இன்டர்பிரெட்டர் லிஸ்புக்குக் கிடைத்தது. பிறகு பேசிக், லோகோ என்ற கணினி மொழிகளும் பள்ளிக்கூடம் வரை வந்தன. தமிழ்ப் பிள்ளையோ, கணக்கில் கை வைக்கும் முன் 'இஃப்', 'எல்ஸ்' என்று ஆங்கிலக் கட்டளைகளை உருப்போட வேண்டியிருந்தது.

2007-இல் அமெரிக்காவில் இருந்த முத்தையா அண்ணாமலை அதை மாற்றப் புறப்பட்டார். தமிழ்க் கட்டளைகளுக்காகப் பைத்தான் மொழியில் ஓர் இன்டர்பிரெட்டர் எழுதத் தொடங்கினார். 'பிரிண்ட்' இருந்த இடத்தில் 'பதிப்பி' வைப்பது சுலபம். சிக்கல் 'இஃப்'-இல் வந்தது. ஆங்கிலத்தில் அது வாக்கியத்தின் தலையில் நிற்கும். தமிழிலோ நிபந்தனையைச் சொல்லி முடித்த பிறகுதான் 'ஆனால்' வரும். சொல்லை மட்டும் பெயர்த்துவைத்தால் எந்தப் பிள்ளைக்கும் நாக்கு இடறும்.

அவர் வரிசையையே புரட்டிப் போட்டார். முன்னால் ஒரு குறி, அடைப்புக்குள் நிபந்தனை, கடைசியில் சொல்:

@(மதிப்பெண் >= 35) ஆனால்
  பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
  பதிப்பி "மறுதேர்வு"
முடி

வாய்விட்டுப் படித்தால் தமிழாகவே ஒலிக்கிறது. அந்த மொழிக்கு உயிர் வந்தது இந்த இடத்தில்தான் என்பேன். 2009 ஜூலையில் அது பொதுவெளிக்கு வந்தது. பெயர் 'எழில்'. ஆனால் தமிழ் எழுத்தை எண்ணுவதில் இன்னொரு வில்லங்கம் காத்திருந்தது.

ஏரிக்குப் பேர்போன மதுராந்தகத்தின் பெயரில் பள்ளிப் பிள்ளை ஏழு எழுத்து எண்ணும். யூனிகோடு கணக்கில் அது 11. 'து' என்பது தகரமும் உகரக் குறியும். 'ந்' என்பது நகரமும் புள்ளியும். அன்றைய பைத்தான் 2-இன் சாதாரணச் சரத்தில் நீளம் கேட்டால் 33 பைட் என்று பதில் வரும். ஒரே ஊருக்கு மூன்று கணக்கு! சொல் விளையாட்டு எழுத நினைக்கும் பிள்ளை முதல் வரியிலேயே திகைத்து நின்றுவிடும்.

குறிகளை அவற்றின் மெய்யோடு சேர்த்துப் பிரிக்கும் நிரல்கள் தேவைப்பட்டன. எழில் திட்டத்திலிருந்து கிளைத்த அவை 'ஓபன்-தமிழ்' என்ற திறந்தமூல நூலகமாக வளர்ந்தன. எழிலில் ஒரு வரிகூட எழுதாத பைத்தான்காரர்களும் இன்று தமிழ் எழுத்துகளைப் பிரிக்க அதைத்தான் நிறுவுகிறார்கள்.