பணியிடப் புறவன்கூடும் பெண் தொழிலாளர்களும்

பணியிடப் புறவன்கூடு (எக்சோஸ்கெலிட்டன்) என்பது குனிதல், தூக்குதல், கைகளை உயர்த்தி வேலை செய்தல் ஆகியவற்றின்போது தசைகளின் மீதான சுமையைக் குறைக்கத் தொழிலாளர்கள் உடலில் அணியும் கருவி ஆகும். பூச்சி, நண்டு முதலியவற்றின் புற ஓட்டைக் குறிக்கும் உயிரியல் சொல்லே இதற்கும் பெயராயிற்று. இக்கருவிகள் பெரிதும் ஆண்களின் உடலளவைக் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. எனவே பெண்களுக்கு இவை எந்த அளவு பொருந்தும் என்பது பணிச்சூழலியலில் ஆராயப்படுகிறது.

வரலாறு

1960களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் உருவாக்கிய ஹார்டிமன் ஏறத்தாழ 680 கிலோகிராம் எடை கொண்டிருந்தது. அது நடைமுறைப் பயன்பாட்டுக்கு வரவில்லை. 2018இல் ஃபோர்டு நிறுவனம் 15 ஆலைகளில் தோள் தாங்கும் எக்சோவெஸ்ட் கருவியை அறிமுகப்படுத்துவதாக அறிவித்தது.

செயற்படும் விதம்

மின்னோடியால் இயங்குபவை இயங்குவகை எனவும், சுருள்வில் அல்லது மீள்பட்டையால் செயற்படுபவை இயங்காவகை எனவும் அழைக்கப்படுகின்றன. முதுகைத் தாங்கும் இயங்காவகைக் கருவியில், குனியும்போது வில் ஆற்றலைச் சேமித்து, நிமிரும்போது திருப்பித் தருகிறது. இவை முதுகுத் தசைகளின் செயற்பாட்டை 10 முதல் 40 விழுக்காடு வரை குறைப்பதாக 2016இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று கூறுகிறது. எனினும் சுமை மறைந்துவிடுவதில்லை. அதன் ஒரு பகுதி மார்பு, இடுப்பு, தொடை ஆகியவற்றுக்கு மாற்றப்படுகிறது. பெண்களுக்கான சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

பெண்களுக்குப் பொருந்துதல்

* மார்புத் தகடு: மார்பெலும்பின் மேல் அழுந்தும் தகடு பெண்களுக்கு வலியும் அசௌகரியமும் தரலாம்.
* அளவு: உடற்பகுதியின் நீளமும் இடுப்பின் அகலமும் வேறுபடுவதால், கருவியின் மூட்டு உடலின் மூட்டோடு நேர்படாமல் போகலாம்.
* வில்லின் விசை: கனமான உடலுக்கென அமைந்த வில், எடை குறைந்தவர் குனிவதையே தடுக்கலாம்.
* உடை: தொடைப் பட்டைகளைச் சேலையின் மேல் அணிவது கடினம்.
* கருப்பக் காலம்: வயிற்றையும் இடுப்பையும் இறுக்கும் பட்டைகள் ஏற்றவை அல்ல.

2020இல் அறிமுகமான ஹீரோவேர் ஏபெக்ஸ் போன்ற துணியாலான கருவிகள், பெண்களுக்கும் பொருந்தும் அளவுகளில் கிடைக்கின்றன.

தருமபுரி வட்டாரத்தில்

தருமபுரி மாவட்டத்தில் பெண்கள் செய்யும் வேலைகளை மூன்றாகப் பிரித்து நோக்கலாம். நாற்று நடவு, களையெடுப்பு ஆகியன நெடுநேரம் குனிந்து செய்யப்படுபவை. முதுகு தாங்கும் கருவியின் தத்துவம் இவற்றுக்குப் பொருந்தும். ஆனால் சேறும் வெயிலும் வியர்வையும் தடையாகும். சும்மாடு வைத்துத் தலையில் சுமக்கும்போது பாரம் கழுத்து வழியாக முதுகெலும்பில் இறங்குகிறது. குனிவதற்கான கருவி இதைக் குறைப்பதில்லை. உட்கார்ந்து புளி தட்டி விதை நீக்கும் வேலைக்கும் இதனால் பயன் குறைவு.

2004 வரை இம்மாவட்டத்தில் இருந்து, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக் நிறுவனம் இருசக்கர வாகன ஆலை அமைத்தது. அவ்வாலையை முழுவதும் பெண்களைக் கொண்டே இயக்கப்போவதாக 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும் இத்தகைய தொகுப்பு வேலைகளுக்கே இன்றைய கருவிகள் மிகவும் ஏற்றவை. எனினும் பணிச்சூழலியலின் முறைப்படி, சுமையைச் சிறிதாக்குதல், மேசையின் உயரத்தை மாற்றுதல், தள்ளுவண்டி அளித்தல் ஆகியவற்றுக்கு அடுத்த நிலையிலேயே உடலில் அணியும் கருவி வைத்து எண்ணப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* பணிச்சூழலியல்
* தருமபுரி மாவட்டம்