மகா மாரியம்மன் கோயில், பத்துமலை: தொடக்க வரலாற்றுச் சர்ச்சைகள்

கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலும் பத்துமலை சுப்பிரமணியர் கோயிலும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் சமய வாழ்வில் முதலிடம் பெற்றவை. இரண்டையும் நிறுவியவராக க. தம்புசாமி பிள்ளை போற்றப்படுகிறார். இரண்டையும் இன்று ஒரே தேவஸ்தானம் நிர்வகித்துவருகிறது. ஆண்டுதோறும் தைப்பூசத்தில் வெள்ளி ரதம் மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குப் புறப்படுகிறது. ஆயினும் இக்கோயில்களின் முதல் இருபது ஆண்டுகளைப் பற்றிய செய்திகள் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தவில்லை. மாரியம்மன் கோயில் எப்போது எழுந்தது, நாட்டின் மிகப் பழைய கோயில் அதுதானா, பத்துமலையில் முருகன் எந்த ஆண்டில் எழுந்தருளினார், கோயில் குடும்பச் சொத்தா பொதுச்சொத்தா என்பனவே முதன்மையான கேள்விகள்.

சான்றுகளின் தன்மை

இக்காலத்தை ஆராய்வோருக்குக் கிடைக்கும் சான்றுகள் நான்கு வகைப்படும்: அரசுக் கோப்புகள், செய்தித்தாள்கள், நிலப் பதிவுகள், வழிவழியாகச் சொல்லப்படும் செய்திகள். இவற்றில் முதல் மூன்றும் பிந்தித் தொடங்கியவை. சிலாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஆட்சி 1875இல்தான் அமைந்தது; அதன் அலுவலகக் கோப்புகள் அதற்குப் பிறகே திரண்டன. ஆட்சித் தலைமையிடம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது 1880இல். மறு ஆண்டே நகரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. நில உரிமையை முறையாகப் பதிவுசெய்யும் சட்டம் சிலாங்கூரில் 1891இல் வந்தது. ‘சிலாங்கூர் ஜர்னல்’ 1892இலும், ‘மலாய் மெயில்’ நாளேடு 1896இலும் வெளிவரத் தொடங்கின. ஆகவே 1870களில் அங்கே ஒரு சிறு கோயில் எழுந்திருந்தாலும், அதை அந்த நேரத்திலேயே எழுதிவைக்கும் ஏற்பாடு நகரில் இல்லை. அக்காலத்தைப் பற்றி இன்று சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதி பின்னாளில் நினைவிலிருந்து எழுதப்பட்டது.

1873ஆம் ஆண்டுக் கேள்வி

மாரியம்மன் கோயிலை 1873இல் தம்புசாமி பிள்ளை நிறுவினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் வேறொரு செய்தியையும் தருகின்றன. அவர் 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர். ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் படித்தவர். ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்னும் வழக்கறிஞரிடம் எழுத்தராகப் பணியாற்றியவர். 1875இல் டேவிட்சன் சிலாங்கூரின் முதல் ரெசிடென்டாக நியமிக்கப்பட்டபோது அவருடன் கிள்ளானுக்கு வந்தார் என்று அக்குறிப்புகள் கூறுகின்றன. 1875இல் வந்தவர் 1873இல் கோயில் கட்டியது எப்படி என்ற கேள்வி இங்கே எழுகிறது. 1873இல் அவருக்கு வயது 23.

நகரின் நிலையும் இக்கேள்விக்கு வலுச்சேர்க்கிறது. 1867இல் மூண்ட சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் கோலாலம்பூர் 1872இல் எதிரணியிடம் வீழ்ந்து எரிந்துபோனது. பகாங் படையின் துணையோடு நகரின் சீனத் தலைவர் யாப் ஆ லோய் அதை 1873 மார்ச்சில் மீட்டார். வீடுகள் அழிந்து, ஈயச் சுரங்கங்கள் நீரில் மூழ்கிக்கிடந்த காலம் அது. நகரின் குடிகளில் பெரும்பாலோர் சீனச் சுரங்கத் தொழிலாளர். தமிழர் பெருந்தொகையாக வந்தது அரசு அலுவலகங்களும் இரயில்பாதையும் தோட்டங்களும் பெருகிய பின்னரே.

இம்முரணைத் தீர்க்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பிள்ளை 1875க்கு முன்பே சிலாங்கூருக்கு வந்துபோயிருக்கலாம். டேவிட்சன் ரெசிடென்ட் ஆவதற்கு முன்பே, போரில் ஒரு தரப்பை நடத்திய தெங்கு கூடினுக்கு நெருங்கிய ஆலோசகராக இருந்தார். அந்தத் தொடர்பின் வழியே அவருடைய எழுத்தரும் முன்னதாகவே இங்கே கால்வைத்திருக்கலாம். இரண்டாவது, வேறு தமிழர் சிலர் ஒரு கீற்றுக் கொட்டகையில் தொடங்கிய வழிபாட்டைப் பிள்ளை பின்னர் ஏற்று வளர்த்திருக்கலாம். தொடக்கப் பெருமையும் காலப்போக்கில் அவர் பெயரோடு சேர்ந்திருக்கலாம். மூன்றாவது, 1873 என்பது பின்னாளில் நினைவிலிருந்து கணக்கிட்டுச் சொல்லப்பட்ட ஆண்டாக இருக்கலாம்.

தமிழ் ஆண்டுக் கணக்கும் இங்கே கைகொடுப்பதில்லை. ஸ்ரீமுக ஆண்டு 1873 சித்திரையில் தொடங்கி 1874 பங்குனியில் முடிந்தது. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அது 1875ஐ எட்டாது. மூன்று விளக்கங்களில் முதலாவது இயலக்கூடியது. இரண்டாவது குடியேற்றக் கோயில்களின் பொது வளர்ச்சிக்கு ஒத்தது. மூன்றாவதை மறுக்கப் போதிய ஆதாரம் இல்லை. 1873 மரபு வழங்கும் ஆண்டு. ஆவணம் உறுதிசெய்த ஆண்டு அன்று.

இடமாற்றமும் கட்டடமும்

கோயில் முதலில் இன்றைய பழைய இரயில் நிலையத்தின் சுற்றுப்புறத்தில் இருந்ததாகவும், 1885இல் ஹை ஸ்ட்ரீட் எனப்பட்ட இன்றைய ஜாலான் துன் எச். எஸ். லீக்கு இடம்பெயர்ந்ததாகவும், 1887இல் கீற்றுக் கூரை போய்ச் செங்கல் கட்டடம் எழுந்ததாகவும் கோயில் வரலாறு கூறுகிறது. இவ்வாண்டுகள் நகர வரலாற்றோடு நன்கு பொருந்துகின்றன. கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்த சிலாங்கூரின் முதல் இரயில்பாதை 1886 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 1885இல் அதன் பணிகள் நடந்துகொண்டிருந்தன. ரெசிடென்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் காலத்தில், தீப்பிடிக்கும் கீற்று வீடுகளை அகற்றிச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்ற கொள்கை நகரெங்கும் நடைமுறைக்கு வந்தது. செங்கல் கோயில் எழுந்ததும் அதே காலத்தில்தான். கோபுரத்தோடு கூடிய இன்றைய கோயில் 1968இல் உருப்பெற்றது.

மிகப் பழைய கோயிலா?

மலேசியாவில் தொடர்ந்து வழிபாடு நடக்கும் இந்துக் கோயில்களில் மிகப் பழையது இதுவே என்று பயண நூல்கள் பல எழுதுகின்றன. இச்சர்ச்சைக்கு ஆவணங்கள் தெளிவான விடை தருகின்றன. மலாக்காச் செட்டிகளின் ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் டச்சு ஆட்சியில், 1781இல் எழுந்தது. பினாங்கு குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833இல் கட்டப்பட்டது. இரண்டிலும் இன்றளவும் வழிபாடு நடக்கிறது. கோலாலம்பூர்க் கோயில் இவற்றுக்குப் பல பத்தாண்டுகள் இளையது. தலைநகரின் மிகப் பழைய இந்துக் கோயில் என்ற அளவிலேயே இச்சிறப்பைக் கூறுவது சரியாகும்.

பத்துமலை: கண்டவர் யார், நிறுவியது எப்போது?

பத்துமலைக் குகைகள் 1878இல் கண்டுபிடிக்கப்பட்டன என்ற கூற்று அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹார்னடேயின் வருகையை அடியொற்றியது. அவர் எழுதியதால் குகைகள் வெளியுலகில் பெயர் பெற்றன. ஆனால் தெமுவான் பழங்குடியினர் அவற்றை அதற்கு முன்பே தங்குமிடமாகப் பயன்படுத்தியிருந்தனர்; சீனக் குடியேறிகள் 1860களிலேயே தோட்டங்களுக்கு உரமாக வௌவால் எச்சத்தை அங்கிருந்து எடுத்துவந்தனர். 1878 குகைகள் மேலைநாட்டாரின் எழுத்தில் இடம்பெற்ற ஆண்டு மட்டுமே.

குகையின் வாயில் வேல் வடிவில் தோன்றியதைக் கண்டு தம்புசாமி பிள்ளை அங்கே முருகனுக்குக் கோயில் எடுக்க எண்ணினார் என்பது மரபு. கனவில் வந்த தெய்வக் கட்டளையே காரணம் என்று சொல்வோரும் உண்டு. இவை இரண்டும் அடியார்களின் நம்பிக்கையைச் சேர்ந்தவை; ஒரு சமூகம் தன் வழிபாட்டிடத்தை எப்படி உணர்ந்தது என்பதற்கு அவை சான்றாகின்றன. கனவு வந்ததா என்பதை ஆவணத்தால் மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

திருவுருவம் எழுந்தருளிய ஆண்டு சில நூல்களில் 1890 என்றும், வேறு சிலவற்றில் 1891 என்றும் காணப்படுகிறது. விகிருதி ஆண்டு 1890 ஏப்ரலிலிருந்து 1891 ஏப்ரல் வரை நீண்டது. அவ்வாண்டின் தையிலோ மாசியிலோ நடந்த ஒரு நிகழ்ச்சியைத் தமிழ் ஆண்டின் தொடக்கத்தை வைத்துக் கணித்தவர் 1890 என்றும், ஆங்கில நாட்காட்டியை வைத்துக் கணித்தவர் 1891 என்றும் எழுதியிருக்க இயலும். முதலில் வேலோ உருவமோ வைத்து, பிறகு முறையான பிரதிட்டை செய்ததும் இரண்டு ஆண்டுகள் வழங்கக் காரணமாகலாம். 1892 முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்படுகிறது என்பதில் பெரும்பாலான வரலாறுகள் ஒத்துப்போகின்றன. குகைக்கு ஏற மரப்படிகள் 1920இல் அமைந்தன. இன்றுள்ள 272 படிகள் அவற்றின் இடத்தில் பின்னர்க் கட்டப்பட்டவை.

குடும்பக் கோயிலும் பொதுக் கோயிலும்

மாரியம்மன் கோயில் பிள்ளை குடும்பத்தின் தனிக் கோயிலாகவே இருந்தது, 1920களின் இறுதியில்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது என்பது மற்றொரு வழக்கமான செய்தி. இதை அப்படியே ஏற்பதற்கு, இக்கோயிலிலிருந்து ரதம் புறப்படும் பத்துமலைத் தைப்பூச விழா 1892 முதல் நடந்துவருவது தடையாக நிற்கிறது. இந்த விழா ஒரு குடும்பத்தின் வீட்டு வழிபாடாக இருந்திருக்க முடியாது. மக்கள் திரளாமல் காவடியும் ஊர்வலமும் இல்லை. வழிபட வருவது ஒன்று, நிர்வகிக்கும் உரிமை மற்றொன்று என்று பிரித்துப் பார்த்தால் முரண் தணிகிறது. 1902இல் தம்புசாமி பிள்ளை மறைந்த பின்னும் நிர்வாகம் குடும்பத்தின் கையில் இருந்தது. 1920களின் இறுதியில் அது அறங்காவலர் குழுவுக்கு மாறியது. அக்காலத்தில் நகரத் தமிழரின் தொகையும் சங்கங்களும் பெருகியிருந்தன. காணிக்கை செலுத்துவோர் கணக்குக் கேட்கும் நிலை வந்திருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஸ்ரீ கந்தசுவாமி கோயில் ஒப்பிடத்தக்கது. இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர் அதைச் சங்கம் அமைத்து நடத்தினர். சங்கம் நடத்தும் கோயிலில் கூட்டக் குறிப்பும் கணக்கேடும் சேர்ந்துகொண்டே போகும். தனியொருவரின் முயற்சியில் எழுந்த கோயிலுக்கு அவர் நினைவே ஆவணம். அவரோடு அதில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது.

தம்புசாமி பிள்ளையின் பொதுவாழ்வு

கோயில் தொடக்கத்தைக் காட்டிலும் பிள்ளையின் பொதுவாழ்வு உறுதியான பதிவுகளைக் கொண்டது. அரசுக் கருவூலத்தில் பணியாற்றிப் பொருளாளர் பொறுப்பையும் தற்காலிகமாக வகித்தார். பின்னர் அரசுப் பணியை விட்டுத் தொழிலில் இறங்கினார். சீனத் தொழிலதிபர் லோக் யூவுடன் சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார். சுரங்க நீரை இறைக்க மின்விசையைப் பயன்படுத்திய முன்னோடி முயற்சி அது. 1894இல் ரவாங்கில் மின்விளக்கு எரிந்ததும் அம்முயற்சியோடு தொடர்புடையது. 1893இல் நிறுவப்பட்ட விக்டோரியா கல்விக்கூடத்தின் முதல் அறங்காவலர்களில் அவர் ஒருவர். சிங்கப்பூரில் 1902இல் காலமானார். கோலாலம்பூரில் ஒரு தெரு அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

பிற நாட்டு ஒப்புமை

தொடக்க ஆண்டுகளைப் பற்றிய இத்தகைய சர்ச்சைகள் பிற சமய இயக்கங்களிலும் உண்டு. அமெரிக்காவின் மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் தமக்கு 1820இல் தெய்வக்காட்சி கிடைத்ததாகக் கூறினார். அதைப் பற்றி இன்று கிடைக்கும் அவருடைய மிகப் பழைய எழுத்து 1832ஐச் சேர்ந்தது. 1835, 1838, 1842 ஆண்டுகளின் விவரிப்புகள் அதனோடு சில கூறுகளில் வேறுபடுகின்றன. 1830 ஏப்ரல் 6இல் சபை தொடங்கியது நியூயார்க் மாநிலத்தின் ஃபாயட்டிலா மான்செஸ்டரிலா என்பதிலும் விவாதம் நடந்தது. சபை தன் காப்பகத்திலிருந்த ஜோசப் ஸ்மித்தின் ஆவணங்களை 2008 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. வேறுபடும் கூற்றுகள் ஒவ்வொன்றையும் அது எழுதப்பட்ட காலத்தோடு வைத்து எவரும் படித்தறிய அது வழிசெய்தது.

மதிப்பீடு

இன்றைய நிலையில் சில முடிவுகளை உறுதியாகக் கூறலாம். மாரியம்மன் கோயில் நாட்டின் மிகப் பழைய கோயில் அன்று. தலைநகரில் மிகப் பழையது. 1885, 1887 ஆகிய ஆண்டுகள் நகர வளர்ச்சியோடு ஒத்துச்செல்கின்றன. பத்துமலைக் கோயில் 1890–91 காலத்தைச் சேர்ந்தது. அங்கே தைப்பூசம் 1892 முதல் நடைபெறுகிறது. 1873 மட்டும் மரபின் துணையோடு நிற்கிறது. அதை எழுதுவோர் மரபுவழி ஆண்டு என்று குறித்து எழுதுவதே முறை. தேவஸ்தானத்தின் பழைய ஏடுகளும், குடும்பங்களிடமுள்ள கடிதங்களும் நிலப் பத்திரங்களும் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் சிலாங்கூர்க் கோப்புகளோடு ஒப்பிடப்பட்டால் இம்முடிவு மாறவும் கூடும். அவற்றைப் பேணி ஆய்வாளருக்குத் திறந்துவைப்பது இக்கோயில்களை எழுப்பியவர்களுக்குச் செய்யும் கடமை.