டிக்கியில வூஃபர் வைக்கப் போறீங்களா? முதல்ல பெட்டியைச் சரியா அடிங்க!

கார் வாங்கியாச்சு, டச் ஸ்க்ரீனும் மாட்டியாச்சு. ஆனாலும் பாட்டுல வர்ற அந்த பேஸ் மட்டும் நெஞ்சுல வந்து இடிக்க மாட்டேங்குது. உடனே ஆன்லைன்ல 12 இன்ச் வூஃபர் ஒண்ணை ஆர்டர் போடுறீங்க. கைக்குக் கிடைச்ச ரெடிமேட் பெட்டியில மாட்டி டிக்கியில வைக்கிறீங்க. நம்பர் பிளேட் ஆடுது, கண்ணாடி அதிருது, பாட்டு மட்டும் கேட்கல.

பெரும்பாலும் தப்பு வூஃபர்ல இருக்காது, பெட்டியிலதான் இருக்கும். நல்ல ஸ்பீக்கரைத் தப்பான பெட்டி கெடுத்துடும். சுமாரான ஸ்பீக்கரைக்கூட அளவான பெட்டி காப்பாத்திடும். அந்தப் பெட்டியை உங்க ஊர் கார்பெண்டர் அண்ணாச்சிகிட்டயே சொல்லி அடிக்க முடியும். அவர்கிட்ட என்ன சொல்லணும்கிறதுதான் விஷயம்.

பெட்டி எதுக்கு?

ஸ்பீக்கரோட கூம்பு முன்னாடி தள்ளும்போது முன்பக்கக் காத்து அழுந்தும், அதே நொடியில பின்பக்கக் காத்து விரியும். பெட்டி இல்லைன்னா இந்த ரெண்டும் சேர்ந்து ஒண்ணை ஒண்ணு அழிச்சுடும். பேஸ் காணாமப் போயிடும். பின்பக்கச் சத்தத்தை அடைச்சு வைக்கத்தான் பெட்டி.

நம்ம பக்கத்துக் கோயில் கொடைகள்ல வில்லுப்பாட்டு பார்த்திருப்பீங்க. வில்லோட சேர்த்து வைக்கிற மண்குடத்தோட வாயில தட்டினா 'கும்'னு ஒரு கனமான சத்தம் வரும். அந்தச் சத்தத்தைத் தீர்மானிக்கிறதுல குடத்துக்குள்ள இருக்கிற காத்தோட அளவுக்கும் வாயோட அளவுக்கும் பெரிய பங்கு உண்டு. குடம் சின்னதானா சுருதி ஏறும், பெருசானா இறங்கும். வூஃபர் பெட்டியும் அதே தத்துவம்தான். நீங்க அடிக்கிறது மரப்பெட்டி இல்ல, குறிப்பிட்ட லிட்டர் காத்து.

சீல்டா, போர்ட்டடா?

நாலு பக்கமும் அடைச்ச பெட்டிக்கு 'சீல்டு'ன்னு பேர். இடம் கம்மியா பிடிக்கும், அடிக்கிறது சுலபம், பேஸ் இறுக்கமா வரும். குழாயோ, நீளமான துவாரமோ வெச்ச பெட்டி 'போர்ட்டட்'. அதே ஆம்ப்ல சத்தம் கூடுதலா வரும். ஆனா பெட்டி பெருசாகும், குழாயோட நீளம், அகலம் ரெண்டும் கணக்கா இருக்கணும். கணக்கு தப்பினா ரொம்பத் தாழ்ந்த ஒலியில கூம்பு கட்டுப்பாடு இல்லாம ஆடி, வூஃபரே போயிடலாம்.

உங்க வூஃபர் எதுக்கு ஏத்ததுன்னு அதோட பெட்டியிலயே எழுதியிருக்கும். எஃப்.எஸ், க்யூ.டி.எஸ், வி.ஏ.எஸ்-னு சில எண்கள் இருக்கும். ஆஸ்திரேலியாவுல ஆய்வு செய்த நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் ரெண்டு பேரும் 1960-கள்லயும் 70-கள்லயும் வகுத்த கணக்கு இது. அதனாலதான் 'தீல்-ஸ்மால் அளவுகள்'னு பேர்.

சுருக்கு வழி ஒண்ணு இருக்கு. எஃப்.எஸ்-ஐ க்யூ.இ.எஸ்-ஆல வகுங்க. 50-ஐ ஒட்டியோ, அதுக்குக் கீழயோ வந்தா சீல்டு. 100-ஐ ஒட்டியோ, அதுக்கு மேலயோ வந்தா போர்ட்டட். நடுவுல வந்தா ரெண்டும் ஓகே. உதாரணமா எஃப்.எஸ் 30, க்யூ.இ.எஸ் 0.55-ன்னா விடை சுமார் 54. தைரியமா சீல்டு அடிக்கலாம். இந்த எண்களைப் போட்டா பெட்டியோட லிட்டரைச் சொல்ற வின்ஐஎஸ்டி மாதிரி இலவச சாஃப்ட்வேரும் இருக்கு.

முதல்முறை அடிக்கிறவங்களுக்கு சீல்டுதான் நல்லது. இன்னொரு காரணமும் உண்டு. கார் கேபின் சின்ன, மூடின இடம்கிறதால தாழ்ந்த ஒலியைத் தானாகவே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும்.

அளவு: இங்கதான் பலர் சறுக்குறாங்க

பல 12 இன்ச் வூஃபர்களுக்கு சீல்டு பெட்டி சுமார் 1 கன அடி, அதாவது 28 லிட்டர் இருந்தா போதும். உங்க வூஃபருக்கு கம்பெனி சொல்ற அளவையே இறுதியா எடுத்துக்கோங்க.

வெளி அளவு 45 செ.மீ அகலம், 36 செ.மீ உயரம், 26 செ.மீ ஆழம்னு வெச்சுக்கலாம். பெருக்கினா 42 லிட்டர் வரும். "அடடா, பெருசா போச்சே"ன்னு குறைச்சுடாதீங்க. பலகை 18 மி.மீ கனம். ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒவ்வொரு அளவுலயும் 3.6 செ.மீ போயிடும். உள்ளளவு 41.4 × 32.4 × 22.4, அதாவது 30 லிட்டர்தான். வூஃபரோட பின்பாகம் அடைக்கிற 2 லிட்டரையும் கழிச்சா சரியா 28.

இதுக்கு கார்பெண்டர்கிட்ட கொடுக்க வேண்டிய கட்டிங் லிஸ்ட்:

- முன், பின்: 45 × 36 செ.மீ – 2
- மேல், கீழ்: 45 × 22.4 செ.மீ – 2
- பக்கங்கள்: 32.4 × 22.4 செ.மீ – 2

மொத்தம் ஏழு சதுர அடிக்குக் கொஞ்சம் மேல. மரக்கடையில மிச்சம் விழுந்த துண்டே போதும், முழு ஷீட் வாங்க வேண்டாம். அறுக்கிறதுக்கு முன்னாடி டிக்கியில அட்டைப்பெட்டியை அதே அளவுல வெச்சுப் பாருங்க. கதவு மூடுதா, ஸ்டெப்னியை எடுக்க வழி இருக்கான்னு அப்பவே தெரிஞ்சுடும். நாங்குநேரி பக்கம் ராத்திரி பஞ்சரானா பெட்டியைக் கழட்டிட்டு இருக்க முடியாது.

எம்.டி.எஃப்-பா, பிளையா?

எம்.டி.எஃப் ஒரே சீரான அடர்த்தி, அதிர்வு கம்மி, விலையும் குறைவு. அதனால உலகம் முழுக்க வூஃபர் பெட்டிக்கு அதுதான் முதல் தேர்வு. ஆனா தண்ணி பட்டா ஊதிடும், திரும்பச் சரியாகாது. 2023 டிசம்பர் வெள்ளத்துல நெல்லை ஜங்ஷன் பகுதி எப்படி மூழ்கிச்சுன்னு ஊருக்கே தெரியும். ஆத்தோரத்துலயோ பள்ளத்துலயோ வண்டி நிறுத்துறவங்க ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை எடுத்துக்கலாம். விலை கூடும், ஈரத்தைத் தாங்கும். எதுவானாலும் 18 மி.மீ கனத்துக்குக் கீழ போகாதீங்க.

அடிக்கும்போது

- ஸ்க்ரூவுக்கு முன்னாடி சின்ன துளை போடணும். நேரா இறக்கினா எம்.டி.எஃப் ஓரம் பிளந்துடும்.
- ஒவ்வொரு இணைப்புலயும் பசை தடவி, 10-15 செ.மீ-க்கு ஒரு ஸ்க்ரூ.
- உள் மூலைகள்ல சிலிகான் ஓட விட்டு, ஒரு நாள் முழுசா காய விட்ட பிறகுதான் வூஃபரை மாட்டணும்.
- வூஃபர் துளையை கம்பெனி கொடுத்த 'கட்-அவுட்' அளவுல வெட்டுங்க. 12 இன்ச்னு நம்பி 12 இன்ச் வெட்டினா ஸ்பீக்கர் உள்ளயே விழுந்துடும்.
- எம்.டி.எஃப் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அறுக்கிறவர், பக்கத்துல நிக்கிற நீங்க, ரெண்டு பேருக்கும் மாஸ்க் அவசியம்.

முடிஞ்சதும் தாழ்ந்த பேஸ் பாட்டு ஒண்ணை ஓட விட்டு, இணைப்புகள் பக்கம் பத்தியைக் காட்டுங்க. புகை ஆடினா அங்க காத்து கசியுது.

வயரிங்: இது உயிர் விஷயம்

500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ் ஆம்ப் முழு வேகத்துல கிட்டத்தட்ட 45 ஆம்பியர் இழுக்கும். பத்து ஹாலஜன் ஹெட்லைட் பல்பு சேர்ந்து எரியுற மாதிரி. அதுக்கு ஒல்லி வயர் போட்டா சூடாகி உருகும். பேட்டரியிலேர்ந்து டிக்கி வரைக்கும் சீட்டுக்கு அடியில போற வயர் அது.

அதனால முழு செம்பு வயர், 4 கேஜ். பேட்டரியிலேர்ந்து 45 செ.மீ-க்குள்ள ஃபியூஸ். இந்த ஃபியூஸ் ஆம்புக்காக இல்ல, வயருக்காக. வயர் எங்கயாவது உரசி பாடியில பட்டா ஃபியூஸ் போகும். ஃபியூஸ் இல்லைன்னா கார் போகும். வேலை தொடங்கும்போது பேட்டரியோட நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டிடுங்க. '3000 வாட்ஸ்'னு டப்பாவுல கொட்டை எழுத்துல போட்டிருந்தா கண்டுக்காதீங்க. பாக்க வேண்டியது ஆர்.எம்.எஸ் எண் மட்டும்தான்.

கட்டாத பெட்டி, பறக்குற பெட்டி

வூஃபரோட சேர்ந்து இந்தப் பெட்டி 15 கிலோகிட்ட வரும். மோதல்லயோ, திடீர் பிரேக்லயோ இது பின்சீட்ல இருக்கிற குழந்தையைத் தேடிப் போகும். எல்-கிளாம்ப், போல்ட் போட்டு இறுக்குங்க. துளை போடுறதுக்கு முன்னாடி அடியில பெட்ரோல் டேங்க், பிரேக் லைன் இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. சி.என்.ஜி வண்டின்னா சிலிண்டர் வால்வை மறைக்கவே கூடாது.

வெளியில வாங்கி மாட்டுற எலெக்ட்ரிக்கல் சாமான்களை இன்ஷூரன்ஸ்ல தனியா தெரிவிச்சு பிரீமியம் கட்டணும். அப்பதான் கிளெய்ம் கிடைக்கும்.

சத்தம் யாருக்கு?

ஆம்ப்ல 'லோ பாஸ்' 80 ஹெர்ட்ஸ் பக்கம் வைங்க. 'கெயின்' திருகு வால்யூம் இல்ல. சத்தம் கிழியத் தொடங்கினா உடனே பின்னாடி வாங்க. வூஃபர் எரியுறது பெரும்பாலும் அந்தக் கிழிஞ்ச சத்தத்தாலதான். 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் வரைக்கும் காது தாங்கும்னு ஒரு பொது அளவுகோல் உண்டு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்போ 100 டெசிபல்ல கால் மணி நேரம்தான்.

குடியிருப்புப் பகுதியில ராத்திரி 10 மணியிலேர்ந்து காலை 6 மணி வரைக்கும் சட்டப்படி வரம்பு 45 டெசிபல். பேஸ் கண்ணாடி கடந்து, சுவர் கடந்து பக்கத்து வீட்டுத் தொட்டில் வரைக்கும் போகும். தெருவுக்குள்ள திரும்பும்போது வால்யூமைக் குறைச்சுடுங்க.

வூஃபர் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கையில இருக்கட்டும்: தீல்-ஸ்மால் அளவுகள், டிக்கியோட உள்ளளவு, ஃபியூஸ் போட ஒரு நல்ல எலெக்ட்ரீஷியன். இது மூணும் இருந்தா, மீதியை கார்பெண்டர் அண்ணாச்சி பார்த்துக்குவார்.