கருவிழி மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் பூஞ்சாணத் தொற்று: விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

கதிரடிக்கும்போதும் கரும்பு வெட்டும்போதும் உமியோ சோகையோ கண்ணில் பட்டுக் கருவிழி கீறினால், அதன் வழியாகப் பூஞ்சாணம் நுழைந்து புண் உண்டாகும். வாழையில் வாடல் நோயை உண்டாக்கும் பியூசேரியம், நிலக்கடலையில் நஞ்சை உண்டாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஆகிய பூஞ்சாணக் குடும்பங்களே தென்னிந்தியாவில் இதற்கு முக்கியக் காரணம். மருந்துக்குக் கட்டுப்படாத புண்ணுக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை செய்கிறார்கள். அதோடு ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ண வேண்டாம்.

ஏன் மீண்டும் வருகிறது?

பழைய கருவிழியின் ஓரத்தில் தங்கிய பூஞ்சாணம் புதிய கருவிழிக்கும் பரவலாம். கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லாததால் காயம் மெதுவாகவே ஆறும். தையல்கள் பல மாதங்கள் இருக்கும். தையல் தளர்ந்தால் அந்த இடத்திலும் கிருமி நுழையும்.

சொட்டு மருந்து

• நேட்டமைசின் 5 சதவீத மருந்தைக் குலுக்கிவிட்டு, மருத்துவர் சொன்ன இடைவெளியில் விடுங்கள். தொடக்கத்தில் மணிக்கு ஒருமுறைகூட விட வேண்டியிருக்கும்.
• வலி குறைந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.
• இரு மருந்துகளுக்கு இடையே 5 நிமிடம் விடுங்கள். புட்டியின் நுனி கண்ணில் படக் கூடாது.

ஸ்டீராய்டு: எச்சரிக்கை

மாற்றுக் கருவிழியை உடல் ஏற்றுக்கொள்வதற்காகப் பலருக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து தரப்படும். பூஞ்சாணப் புண்ணுக்காக அறுவை செய்தவருக்கோ அது பூஞ்சாணத்தை மீண்டும் வளரவிடும். எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்வார். பக்கத்து வீட்டுக்காரரின் மருந்தையோ, கடையில் கேட்டு வாங்கிய மருந்தையோ விடாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதுவும் கண்ணில் விடக் கூடாது.

உடனே செல்ல வேண்டிய அறிகுறிகள்

சிவப்பு, வலி, வெளிச்சம் கண்டால் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெண்புள்ளி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே கண் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பயன்படுத்தும் மருந்துகள் அனைத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அறுவடை முடியட்டும் என்று தள்ளிப் போட்டால் பார்வையை இழக்க நேரிடலாம்.

வயலுக்குத் திரும்பும்போது

• மருத்துவர் அனுமதித்த பிறகே வேலைக்குச் செல்லுங்கள்.
• கதிரடித்தல், தூற்றுதல், வைக்கோல் போர் போடுதல் ஆகியவற்றை வீட்டில் மற்றவர்களிடம் விடுங்கள்.
• வயலில் பக்கவாட்டும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.
• குளம், வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவாதீர்கள்.
• தூசி விழுந்தால் துண்டால் கண்ணைக் கசக்காதீர்கள்.